நினைவேட்டின் எழுத்து

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த நம்மவர் இல்லங்களில் இக்காலத்தே ஒரு புது வழக்கம் வேரூன்றி வருவதை நாம் காண்கிறோம். பழைய நிழற்படங்களையும், பள்ளிச் சான்றிதழ்களையும், திருமண அழைப்புகளையும் தாள்களில் ஒட்டி, ஓரங்களிற் பூவும் கொடியும் சேர்த்து, இணையத்திலிருந்து கணினியில் இறக்கிக்கொண்ட அலங்கார எழுத்துருக்களால் தலைப்பிட்டு நினைவேடு செய்கின்றனர். வீண் பொழுதுபோக்கென்று இதனை ஒதுக்குவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. டான் சே யான் என்னும் சீனர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். அதன்பின் இம்மாநிலத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களைப் பற்றிக் கிராணியின் கணக்கேடு சொல்வதெல்லாம் வேலை நாளும் கூலியுமே. முகத்தையும் பெயரையும் உறவையும் ஒருங்கே சொல்வது குடும்பத்து ஏடு ஒன்றுதான். லயங்கள் இடிந்து, பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்ட பின்னர், அவ்வேடு ஓர் ஆவணமாகிவிடுகிறது. ஆவணமெனில், அதன் எழுத்து எத்துணைக் காலம் நிற்கும் என்று கேட்பது முறைதானே?

எழுத்தின் அழகு பற்றிய கவலை மலாக்காவுக்குப் புதிதன்று. 1796-இல் இந்நகரிற் பிறந்த முன்ஷி அப்துல்லா, அரபு வழியும் நாகூர்த் தமிழ் வழியும் கலந்த குடியில் வந்தவர். அக்காலத்து மலாக்காவில் கணக்குக்கும் வாணிகத்துக்கும் தமிழ் வேண்டியிருந்தமையால், தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அவரே தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். இந்நகரின் மிஷனரி அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலையும் அவர் கற்றார். ஈய எழுத்தின் வலிமையை நன்கறிந்த அவருடைய ‘ஹிகாயத் அப்துல்லா’ 1849-இல் சிங்கப்பூரில் வெளிவந்தபொழுதோ, கல்லச்சில்தான் வந்தது. ஈயப் பெட்டிக்குள் அடங்காத ஜாவி எழுத்தின் வளைவும் பிணைப்பும் கல்லில் அடங்கின. கையின் அழகைப் பொறிக்குப் பலி கொடுக்க மனமில்லாதார் அன்றும் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

தமிழ் எழுத்து ஈயத்துக்கு முன்னரே இசைந்துவிட்டது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிற்று. ஆனால், செலவுக்கு இசையவில்லை! ஆங்கிலத்துக்குப் பெரிதும் சிறிதுமாக 52 வடிவங்கள் போதும். தமிழிலோ, உகர ஊகார உயிர்மெய்கள் மட்டுமே 36. அவையும் ஒரே விதிக்கு அடங்குவன அல்ல. ஆதலால் அலங்கார எழுத்து வேண்டியவர் ஓவியரைக் கொண்டு எழுதுவித்து ‘பிளாக்’ செய்துகொள்வதே எளிதாயிருந்தது. 1935-இல் ‘குடி அரசு’ எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டு ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளை மற்றவற்றின் நெறியில் எழுதத் தொடங்கியதற்கு, கற்பாரின் எளிமையோடு அச்சுக்கோப்பாரின் எளிமையும் காரணமாயிருந்தது. தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்று ஆணையிட்டதோ 1978-இல்! மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வடிவங்களையே கைக்கொண்டன.

கணினி வந்தபின் செலவு என்னும் தளை அறுந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். உலோகத்தை வார்க்காமலே எழுத்தைப் படைக்கலாம் என்றானதும், கொடி சுற்றிய எழுத்து, தூரிகை எழுத்து, நிழல் விழும் எழுத்து எனப் பலவகை பெருகின. அழைப்பிதழ் அடிப்போர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சியினுள்ளே ஒரு கேடு மறைந்திருந்தது. அக்காலத்து எழுத்துருக்களிற் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி இடம் வகுத்தனர். ஈழத்தவரிடையே பெரிதும் வழங்கிய பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினி மனத்திற் கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளையே. எழுத்துரு உள்ளவரை அம்மா. அது நீங்கினால் பொருளற்ற ஆங்கிலக் குப்பை! வேடம் இருந்தது, ஆள் இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடி ஆராய்ந்தன. 1991-இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் இருந்தும், அது வீடுதோறும் வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின.

இதன் விளைவை நாம் கண்ணாற் கண்டோம். ஜாசின் வட்டாரத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர், தம் தோட்டம் கலையுமுன் செய்த நினைவேட்டின் குறுந்தகட்டைக் கொணர்ந்தார். பிரட்டுக் களத்தில் நிற்கும் படம், கோயில் திருவிழாப் படம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாய் அமர்ந்த படம் என யாவும் தெளிவாகத் தோன்றின. படங்களின் கீழே இருந்த பெயர்கள்தாம் தோன்றவில்லை! ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் வரிவரியாய் நின்றன. “இவர் யார்?” என்று பேத்தி கேட்க, நண்பர் விடையின்றி நின்றார். பெயரை எழுதிய மூத்தவர் மறைந்து ஆறாண்டு ஆகிவிட்டது.

ஆகவே நினைவேடு செய்யும் தோழர்க்கு அழகெழுத்து வேண்டாவென்று நாம் சொல்லவில்லை. ஒருங்குறி எழுத்துருவைத் தேர்க என்கிறோம். இலங்கையரான தாரிக் அஸீஸ் படைத்த சாய்ந்த கையெழுத்து வடிவான ‘கவிவாணர்’, எக் டைப் குழுவினரின் பருத்துருண்ட ‘பலூ தம்பி’, மெல்லிய வளைவுடைய ‘அரிமா மதுரை’ ஆகியவை திறந்த உரிமத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒருவர் உழைப்பைக் களவாடி இறக்கவேண்டிய தேவையே இல்லை. இறக்கியதும் ஒரு சொல்லைத் தட்டி, அதனைப் படியெடுத்து வேறோர் எழுத்துருவில் இடுக. தமிழாகவே நின்றால் ஏற்கலாம், சிதைந்தால் தள்ளுக.

அலங்காரத்துக்கும் ஓர் எல்லையுண்டு. புள்ளியைப் பூவாக்குவது அழகுதான். ஓரத்துப் பூக்களோடு அது கலந்துவிட்டால் ‘அன்பு’ ‘அனபு’ ஆகிவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாய்த் தோன்றினால் ‘மெல்’ எது, ‘மேல்’ எது? வீரமாமுனிவர் காலத்தில் தீர்ந்த ஐயத்தைப் பூங்கொடிக்காக மீண்டும் அழைப்பானேன்? யானைத் துதிக்கை போன்ற பழைய ‘லை’யைக் காட்டும் எழுத்துருக்களும் உண்டு. ஒருங்குறியில் உள்ளிருக்கும் எழுத்து மாறாது, உடை மட்டுமே மாறுகிறது. பாட்டனார் படத்துக்கு அவர் கற்ற எழுத்தையே இடுவதில் நமக்குத் தடையில்லை. பள்ளிப் பிள்ளையின் பெயருக்கு அது வேண்டா; அப்பிள்ளை அதனைப் படிக்கமாட்டாது.

எழுத்து முழுவதையும் படமாக்கிச் சேமித்தாற் போதாதோ என்பர் சிலர். கண்ணுக்குப் போதும். நாளை ஒரு பேரன் தன் பூட்டியின் பெயரைத் தேடினால் கணினி அதனைக் கண்டெடுத்துத் தராது. பெயர்களை மட்டுமேனும் எளிய ஒருங்குறி எழுத்தில் தனித்தாளில் எழுதி ஏட்டோடு வைத்தல் நலம்.

நண்பரின் குறுந்தகட்டுக்கு வருவோம். கோப்பினுள்ளே எழுத்துருவின் பெயர் பதிந்திருந்தமையால், அதற்குரிய மாற்றியைக் கொண்டு பெரும்பகுதியை ஒருங்குறிக்குக் கொணர முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் இணங்கவில்லை. தலைப்புக்கு ஒன்றும் பெயருக்கு ஒன்றுமாக இரண்டு எழுத்துருக்கள் அதில் கலந்திருந்தன. இரண்டாவது எங்கும் அகப்படவில்லை. அது ஐந்தாம் வகுப்புப் படம். இப்பொழுது அதனை அச்சிட்டு, அலோர் காஜாவில் மகள் வீட்டில் வாழும் ஓர் அம்மையாரிடம் கொண்டு சென்றுள்ளனர். அவர் அப்படத்தில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருப்பவர். இதுவரை பதினோரு பெயர்களைச் சொல்லியிருக்கிறார், பேத்தி தட்டிக்கொண்டிருக்கிறாள்.