காலணாவுக்கு ஒரு தமிழன்

குடியாத்தம் ரயில் நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. மேற்கே போகும் வண்டி ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளைத் தாண்டி, ஜோலார்பேட்டை வழியாகப் பங்காருப்பேட்டை போய்ச் சேரும். அங்கே பிரியும் கிளைப்பாதை மாரிக்குப்பத்தில் முடியும். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்கப் போன ஜனங்களின் பாதை இது. ஒரு பத்திரிகை பிறந்த கதையை இந்தத் தண்டவாளத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அதன் விதை விழுந்தது சென்னை விக்டோரியா மண்டபத்தில். 1892இல் அங்கே கூடிய சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாக ஒரு சித்த மருத்துவர் வந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாடம் சொல்லித்தந்த ஆசானின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு அயோத்திதாசர் ஆனவர். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் சேரி ஜனங்களான எங்களை ஏன் விடுவதில்லை என்று எழுந்து கேட்டார். உங்களுக்குத்தான் மதுரை வீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே என்று சபையில் பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்றார் அவர். நாலாம் வகுப்பு வரை எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும், ஊருக்கு ஊர் கிடக்கும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று கேட்டார். சாமியைக் கேட்டு எழுந்தவர், ஒரே மூச்சில் பள்ளிக்கூடத்துக்கும் நிலத்துக்கும் வந்துவிட்டார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு போய்ப் பௌத்தத்தின் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் அடுத்தவர் கூட்டிய சபையில் எழுந்து நின்று பேசினால் எவ்வளவு தூரம் கேட்கும்? தன் ஜனங்களின் வீட்டு வாசலுக்கே போய்ச் சேரும் குரல் வேண்டியிருந்தது.

1907 ஜூன் 19, புதன்கிழமை அந்தக் குரல் அச்சில் வந்தது. நாலே பக்கம், விலை காலணா, அதாவது ஒரு பைசா. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. கூலிக்காரன் கையிலும் இருக்கக்கூடிய காசு அது. அந்தக் காசையே பெயரில் வைத்தார் என்றால், யாருக்காக நடத்துகிறார் என்பதை முகப்பிலேயே எழுதிவிட்டார் என்றுதான் அர்த்தம். ‘தமிழன்’ என்ற சொல்லையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள், சாதிபேதமற்றவர்கள் என்பது அவர் கட்சி. மக்கள்தொகைக் கணக்கிலும் அப்படியே பதியச் சொல்லி வாதாடினார். அவர் சரித்திரத்தில் சில இடங்களை ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. ஆனால், நீ இழிந்தவன் என்று காலங்காலமாகக் கேட்டுவந்த காதுக்கு, நீதான் பழைய தமிழன் என்று வாராவாரம் எழுதியவர் அவர் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஒரு வருஷம் கழிந்தது. வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி 1908 ஆகஸ்ட் 26 முதல் பெயர் வெறும் ‘தமிழன்’ ஆயிற்று. காசு போய்ப் பெயர் நின்றது. சரித்திரம், வைத்தியம், விவசாயம், வாசகர் சந்தேகங்களுக்குப் பதில் என்று எல்லாம் அதில் உண்டு. மாரிக்குப்பத்திலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை எழுந்தது. பூமிக்கு அடியில் பாறை உடைத்தவர்கள், மேலே வந்து புத்தரைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசக் கூடினார்கள்.

1914 மே மாதம் அயோத்திதாசர் காலமானார். மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் பத்திரிகையை நடத்தினார். பிறகு அது நின்றுபோனது.

1926இல் ‘தமிழன்’ மறுபடி பிறந்தது. இந்த முறை கோலார் தங்கவயலில், ஜி. அப்பாதுரையாரின் கையில். ராயப்பேட்டையில் அச்சாகி மேற்கே மலையேறிப் போன தாள், இப்போது தங்கவயலில் அச்சாகிக் கிழக்கே இறங்கி வந்தது. பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், அப்புறம் குடியாத்தம்.