கஜானா பூட்டிய நாட்களில் ஆய்வுக்கூடம்

நம் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லா பேட்ச்சிலும் உண்டு. மேல்படிப்புக்குப் போனவர்கள், போன இடத்திலேயே பேராசிரியராக ஆனவர்கள், இப்போது மகனையோ பேத்தியையோ அங்கே பிஎச்.டி.க்கு அனுப்பிவிட்டு இங்கே போன் மணிக்குக் காத்திருப்பவர்கள். இந்த மூன்று ரகத்தாருக்கும் 'கவர்ன்மென்ட் ஷட்-டவுன்' என்ற வார்த்தை காதில் விழாமல் இருந்திருக்காது. டெலிவிஷனில் பார்த்தால் பூட்டிய மியூசியமும், பூங்கா வாசலில் தொங்கும் அட்டையும்தான் தெரியும். பல்கலைக்கழகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் காட்டுவதில்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் ஆதியிலிருந்தே பார்ப்போம்.

பூட்டு எங்கிருந்து வந்தது?

1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. காங்கிரஸ் சட்டம் போட்டு ஒதுக்காமல் கஜானாவிலிருந்து ஒரு காசும் எடுக்கக்கூடாது என்பதே அதன் சாரம். நியாயமான வரிதான். நம் நாட்டிலும் பார்லிமென்ட் அனுமதியில்லாமல் செலவு செய்ய முடியாது. ஆனால் இங்கே பட்ஜெட் முழுசாக நிறைவேறத் தாமதமானால் 'வோட் ஆன் அக்கவுன்ட்' என்று சில மாதச் செலவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ள 116-ஆவது ஷரத்து வழி செய்திருக்கிறது. அதையும் மீறி லோக்சபாவில் பண மசோதா தோற்றுப்போனால் மந்திரிசபையே போய்விடும். ஆகவே ஆட்சி மாறுமே தவிர, ஆபீஸ் மூடாது.

அமெரிக்காவில் அப்படியில்லை. ஜனாதிபதி தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார், காங்கிரஸ் தனியாக. இரண்டு தரப்பும் முறுக்கிக்கொண்டு நின்றால் யாருடைய பதவியும் போகாது. பணம்தான் நின்றுபோகும். அவர்களுடைய நிதியாண்டு முன்பு ஜூலையில் தொடங்கிக்கொண்டிருந்தது. 1976-இலிருந்து அக்டோபர் முதல் தேதிக்கு மாற்றினார்கள். அதனால்தான் இந்த வம்பு பெரும்பாலும் அக்டோபரையோ, தற்காலிக ஏற்பாடு முடிகிற நவம்பர், டிசம்பரையோ ஒட்டி வருகிறது. பல்கலைக்கழகங்களில் பாடம் மும்முரமாக நடக்கும் நேரம் அது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1976-க்கும் 1979-க்கும் இடையில் ஆறு தடவை இப்படிப் பண ஒதுக்கீடு இல்லாமல் நாட்கள் கழிந்தன. ஆபீஸ்கள் பெரும்பாலும் வழக்கம்போல நடந்தன. எப்படியும் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான். 1980 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி ஒரு சட்டக் கருத்து எழுதினார். ஒதுக்கீடு இல்லையென்றால் வேலை நடத்துவதே சட்டவிரோதம், மூடத்தான் வேண்டும் என்றார். அடுத்த ஜனவரியில் இன்னொரு கருத்தில், மனித உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் வேலைகளுக்கு விலக்கு உண்டு என்று விளக்கினார். இன்றைக்கு நாம் பார்க்கிற ஷட்-டவுன் இந்த இரண்டு காகிதங்களிலிருந்து பிறந்ததுதான்.

ஓசியில் உழைத்தாலும் குற்றம்

"சம்பளம் வராவிட்டால் என்ன, விஞ்ஞானி ஆர்வத்தோடு வந்து வேலை செய்யலாமே" என்று தோணும். முடியாது! 1884-இலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். உயிருக்கோ சொத்துக்கோ அவசரம் என்றாலொழிய, அரசாங்கம் யாரிடமும் இலவச உழைப்பை ஏற்கக்கூடாது. இன்றைக்கு ஓசியில் செய்கிறேன் என்பவன் நாளைக்கு வந்து கூலி கேட்பான், அப்புறம் காங்கிரஸ் தலையில் அந்தச் செலவு விழும் என்ற பயம்தான் காரணம். தெரிந்தே மீறினால் அபராதம் உண்டு, சிறையும் உண்டு. அதனாலேயே கட்டாய லீவில் அனுப்பப்பட்ட அரசாங்க விஞ்ஞானி ஆபீஸ் ஈ-மெயிலைத் திறந்து பார்ப்பதும் தடை. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழக மாணவன் ஒரு சந்தேகம் கேட்டு எழுதினால் பதில் வராது. மனசில்லாமல் இல்லை, சட்டம் கையைக் கட்டிவிட்டது.

பல்கலைக்கழகத்தை எப்படித் தொடுகிறது?

பல்கலைக்கழகங்கள் மத்திய அரசாங்க ஆபீஸ்கள் அல்ல. ஆகவே ஷட்-டவுன் வந்த அன்று வகுப்பு நிற்காது, லைப்ரரி மூடாது. அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தண்ணீர் வரத்து நின்ற அன்றே ஏரி வற்றிவிடாது, இருப்பு இருக்கும்வரை மதகு ஓடும். அதுபோலத்தான் ஆராய்ச்சி மானியமும். ஏற்கெனவே ஒப்பந்தமாகிப் பணம் ஒதுக்கப்பட்ட திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பல்கலைக்கழகம் முதலில் தன் கையிலிருந்து செலவு செய்து, பிறகு வாஷிங்டனிடம் கணக்குக் காட்டி வாங்கிக்கொள்கிறது. பெரிய பல்கலைக்கழகம் சில வாரம் தாக்குப்பிடிக்கும், சின்ன கல்லூரி திண்டாடும்.

உடனே நிற்பவை வேறு. புது மானியம் வராது. மனுக்களைப் பரிசீலிக்கும் குழுக்கள் கூடாது. நடக்கிற திட்டத்தில் ஒரு மாறுதலுக்கோ கால நீட்டிப்புக்கோ அனுமதி தர மறுமுனையில் ஆள் இருக்க மாட்டார். அரசாங்கக் கட்டடத்தில் இருக்கும் கருவி, ஆவணம், காடு, கப்பல் எதையும் தொட முடியாது.

1995-96: முதல் பெரிய அடி

கிளின்டன் ஜனாதிபதி. காங்கிரஸ் குடியரசுக் கட்சியின் கையில், சபாநாயகர் நியூட் கிங்ரிச். பட்ஜெட்டில் துண்டு விழாமல் ஏழு வருஷத்தில் சரிக்கட்டுவது பற்றிச் சண்டை. 1995 நவம்பர் 14 முதல் 19 வரை ஒரு தடவையும், டிசம்பர் 16 முதல் 1996 ஜனவரி 6 வரை இன்னொரு தடவையும் மூடினார்கள். முதல் தடவை சுமார் 8 லட்சம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டாவது தடவை சுமார் 2,84,000 பேர்.

மேரிலாந்தில் உள்ள தேசிய சுகாதார ஆய்வு நிலையமான என்.ஐ.எச்.சின் ஆஸ்பத்திரி, புது நோயாளிகளை ஆராய்ச்சிச் சிகிச்சைக்குச் சேர்க்கவில்லை. தொற்றுநோய்க் கண்காணிப்பு நின்றது. நமக்கு நேரடியாகப் பட்ட அடி விசாவில். வெளிநாட்டார் கொடுத்த விசா மனுக்கள் நாளொன்றுக்கு 20,000 முதல் 30,000 வரை கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஜனவரி செமஸ்டருக்கு ஐ-20 காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவனுக்கு அந்த மூன்று வாரம் சாதாரண மூன்று வாரமா? (இப்போது விசா ஆபீஸ்கள் பெரும்பாலும் கட்டணப் பணத்தில் நடப்பதால் அந்தக் கஷ்டம் அந்த அளவுக்கு இல்லை.)

அதே நாட்களில் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் டச்சு ஓவியர் வெர்மீரின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அபூர்வமான கண்காட்சி. அதுவும் மூடியது. கடைசியில் தனியார் பணத்தைக் கொண்டு அந்தக் கண்காட்சியை மட்டும் திறந்தார்கள். ஒருவழியாக ஜனவரி 6-இல் பூட்டு திறந்தால், அதே சமயம் பெரும் பனிப்புயல் வந்து ஆபீஸ்களை மேலும் சில நாள் மூட வைத்தது!

2013: நோபல்காரரும் வீட்டில்

ஒபாமா காலத்தில் 2013 அக்டோபர் 1 முதல் 16 வரை மூடல். மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய சண்டை. தேசிய விஞ்ஞான நிதி நிறுவனமான என்.எஸ்.எஃப்.பில் 98 சதவிகிதம் ஊழியர்களுக்குக் கட்டாய லீவு. 2012-இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற டேவிட் வைன்லேண்ட் ஒரு அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். அவரும் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. அரசாங்க வேலையில் இருந்த ஐந்து நோபல் விஞ்ஞானிகளில் நான்கு பேருக்கு இதே கதி.

என்.ஐ.எச். ஆஸ்பத்திரியில் வாரத்துக்குச் சுமார் 200 புது நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் 30 பேர் குழந்தைகள், பெரும்பாலும் புற்றுநோய்க் குழந்தைகள். மற்ற வைத்தியமெல்லாம் பார்த்துப் பலிக்காமல், 'ஆராய்ச்சி மருந்தாவது கேட்குமா' என்று வருகிற குடும்பங்கள் அவை. பட்ஜெட் சண்டைக்கு இவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

அக்டோபர்தான் மானிய மனுக்களைப் பரிசீலிக்கும் மாதங்களில் முக்கியமானது. அந்தக் கூட்டங்கள் ரத்தானதால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களுக்கு மறுபடி தேதி குறிக்க வேண்டிவந்தது. வெளி ஊர்களிலிருந்து பேராசிரியர்களை வரவழைத்து நடத்தும் கூட்டங்கள் அவை. இன்னொரு பக்கம், அன்டார்க்டிகாவில் கோடை தொடங்குகிற மாதமும் அக்டோபரே. பல்கலைக்கழகக் குழுக்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், அங்குள்ள மூன்று அமெரிக்க நிலையங்களையும் வெறும் காவலுக்கு மட்டும் ஆள் வைத்து நிறுத்தப்போவதாக அக்டோபர் 8-இல் அறிவிப்பு வந்தது. பூட்டு திறந்த பிறகு மறுபடி ஏற்பாடு செய்தார்கள். ஆனாலும் சில ஆராய்ச்சிகளை அந்த வருஷம் செய்ய முடியாமலே போச்சு.

நம் சரித்திர மாணவர்களுக்கு ஒரு செய்தி. லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் தேசிய ஆவணக் காப்பகமும் அந்தப் பதினாறு நாளும் மூடிக்கிடந்தன. கைக்காசைப் போட்டு டிக்கெட் வாங்கி, இரண்டு வாரம் தங்கிப் பழைய கடிதங்களைப் பார்க்கலாம் என்று வந்த ஆராய்ச்சி மாணவனுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்?

2018-19: ஓநாய்களும் வருமான வரியும்

டிரம்ப்பின் முதல் ஆட்சியில் மெக்ஸிகோ எல்லைச் சுவர் விவகாரம். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள். இந்தத் தடவை 12 ஒதுக்கீட்டு மசோதாக்களில் 5 முன்பே நிறைவேறிவிட்டதால் என்.ஐ.எச். தப்பித்தது. என்.எஸ்.எஃப்., நாசா, விவசாய இலாகா மாட்டிக்கொண்டன. விவசாய இலாகாவின் விஞ்ஞானிகள் பலர் பல்கலைக்கழக வளாகங்களிலேயே இருந்து வேலை செய்பவர்கள். பக்கத்து அறையில் பல்கலைக்கழக ஆள் வேலை செய்வார், இவர் அறை பூட்டியிருக்கும்.

சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்று ஒரு தீவு. அங்கே ஓநாய்களையும் மூஸ் என்ற பெரிய மான்களையும் 1958 முதல் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். இப்போது மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் பனிமேல் இறங்கும் சிறு விமானத்தில் போய், வெள்ளைத் தரையில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் மிருகங்களை எண்ண வேண்டும். தீவு தேசியப் பூங்கா என்பதால் அந்த ஜனவரியில் போக முடியாமல் வேலை தாமதப்பட்டது. பனி உருகிவிட்டால் எண்ணுவது எப்படி?

இன்னொரு கூத்து. உதவித்தொகைக்கு மனுப் போட்ட மாணவர்கள் சிலர், குடும்ப வருமானத்துக்கு அத்தாட்சியாக வருமான வரி இலாகாவின் காகிதம் கொடுக்க வேண்டும். அந்த இலாகாவோ மூடிக்கிடந்தது. கடைசியில் கல்வி இலாகா மனமிரங்கி, கையெழுத்திட்ட வரிப் படிவத்தின் நகலே போதும் என்று விதியைத் தளர்த்தியது.

2025: ஒரு காலிப் பக்கம்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். அதுவரை நடந்த மூடல்களில் அதுவே நீளமானது. எச்-1பி விசாவுக்கு முதல் படியாகத் தொழிலாளர் இலாகாவில் ஒரு சான்று வாங்க வேண்டும். அக்டோபர் கடைசிவரை அந்த வேலை நின்றதால், வெளிநாட்டு ஆராய்ச்சியாளரை வேலைக்கு எடுக்கவோ, இருப்பவருக்கு நீட்டிக்கவோ பல்கலைக்கழகங்கள் திண்டாடின. நம்மவர்கள் பலருக்கு நேரடியாகப் பட்டது இதுதான்.

ஆனால் சரித்திரத்தில் நிற்கப்போவது வேறொன்று. 1948 முதல் மாதாமாதம் விடாமல் வெளிவந்த புள்ளிவிவரம், வேலையில்லாதோர் விகிதம். வீடு வீடாக விசாரித்து எடுக்கும் கணக்கு. 2025 அக்டோபரில் விசாரிக்க ஆள் போகவில்லை. ஆகவே அந்த மாதத்துக்கு விகிதமே கிடையாது. விலைவாசிக் குறியீட்டிலும் அந்த அக்டோபருக்கு அப்படியே ஓட்டை. ஐம்பது வருஷம் கழித்துப் பொருளாதாரம் படிக்கும் மாணவன் அந்த அட்டவணையைப் புரட்டும்போது அந்த இடத்தில் ஒரு கோடுதான் இருக்கும்.

கணக்கு எங்கே முடிகிறது?

ஒவ்வொரு மூடலுக்கும் பிறகு அரசாங்க ஊழியர்களுக்கு நின்ற சம்பளம் வந்திருக்கிறது. 2019-இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். (கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கியவர்களுக்கும் கேன்டீன்காரர்களுக்கும் அந்தச் சட்டம் கிடையாது.) அதனால் 'பணம்தான் திரும்பி வந்துவிட்டதே, என்ன நஷ்டம்' என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நமக்கு இதற்குப் பதில் தெரியும். ஆடியில் விதைக்காத விதையை ஐப்பசியில் இரட்டிப்பாய்த் தூவினால் விளையுமா? அன்டார்க்டிகாவின் கோடை, தீவின் பனி, ஒரு மாதத்தின் வேலை நிலவரம், நோய் முற்றுகிற குழந்தைக்கு மிச்சமிருக்கும் வாரங்கள், ஐந்து வருஷத்தில் பிஎச்.டி. முடிக்க வேண்டிய மாணவனின் ஒரு செமஸ்டர் — இவற்றையெல்லாம் எந்தக் கஜானாவும் பிற்பாடு திருப்பிக் கொடுக்க முடியாது.

அங்கே பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. செப்டம்பர் பிறந்ததும் ஒரு தடவை விசாரித்து வையுங்கள். மானியம் எந்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கும் காகிதம் போயாச்சா, எச்-1பி சான்று வாங்கியாச்சா, உதவித்தொகை யார் கணக்கிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். இருப்புத் தெரிந்தவன் வறட்சியைச் சமாளித்துக்கொள்வான். சண்டை போடுகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் சமாதானமாகிவிடுவார்கள். நம்ம பிள்ளைகளுக்கு அந்த வருஷத்து ஆடி ஒன்றுதான்.