எதிராளியின் அச்சகத்தில் அச்சான நூல்



ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்கு நம்மில் பலர் போயிருப்போம். அங்கே பணியாற்றிய வீரமாமுனிவரையும் அவர் பாடிய தேம்பாவணியையும் பள்ளிப் பருவத்திலேயே அறிவோம். ஆனால் அவர் உயிரோடிருந்தபோதே அவருடைய நூல் ஒன்று எந்த அச்சகத்தில் அச்சானது என்று கேட்டால், பலருக்கு விடை தெரியாது. அந்த விடையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

தமிழை முதலில் அச்சேற்றியவர்கள் நம் குருக்களே. 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. ஆனால் அந்த முயற்சி தொடர்ந்து வேரூன்றவில்லை. இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி என்னும் இயேசு சபைக் குரு தமிழகம் வந்து வீரமாமுனிவரானபோது, அவர் கைக்குக் கிடைத்தவை ஓலையும் எழுத்தாணியுமே. தேம்பாவணியின் 3615 பாடல்களும் ஓலையில்தான் பிறந்தன. ஒரு படி வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து ஓலை ஓலையாக எழுதித் தரவேண்டும். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். எகரம் குறிலா நெடிலா என்று வாசிப்பவரே இடம் பார்த்து அறியவேண்டும். இந்தத் தொல்லை தீர நெடிலுக்கு இரட்டைக் கொம்பு தந்தவர் நம் முனிவர்.

அதே காலத்தில் கடற்கரையில் தரங்கம்பாடியில் வேறொரு முயற்சி நடந்தது. 1706இல் அங்கே வந்திறங்கிய லுத்தரன் சபைப் போதகர் சீகன்பால்கு தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், அச்சு இயந்திரத்துக்காக ஐரோப்பாவுக்கு எழுதினார். இங்கிலாந்து நண்பர்கள் அனுப்பிய இயந்திரம் 1712இல் வந்து சேர்ந்தது. அதை இயக்க உடன் வந்தவரோ கடற்பயணத்திலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது. நான்கு ஆண்டுகளில், 36 வயதில், சீகன்பால்கு காலமானார். அச்சகம் நிற்கவில்லை.

இரு தரப்புக்கும் இடையே அன்பு இருந்தது என்று நாம் சொல்ல முடியாது. தரங்கம்பாடியார் 'திருச்சபை பேதகம்' வெளியிட்டார்கள். முனிவர் 'பேதகமறுத்தல்' எழுதினார். 'வேதவிளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' என்று அவருடைய மறுப்பு நூல்கள் தொடர்ந்தன. சொற்கள் சுடச்சுடப் பறந்தன. ஒருவர் மற்றவருடைய மந்தையைக் கலைக்கிறார் என்றே இருவரும் எண்ணினார்கள்.

இப்போது அந்த விடைக்கு வருவோம். மக்கள் நாவில் வழங்கும் தமிழைப் புதிதாக வரும் குருக்கள் கற்பதற்காக, முனிவர் கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றை இலத்தீனில் எழுதியிருந்தார். அது 1738இல் அச்சானது. அச்சிட்டது தரங்கம்பாடி மிஷன் அச்சகம்! யாரை எதிர்த்து அவர் எழுதினாரோ, அவர்களே அவருடைய நூலுக்கு எழுத்துக் கோத்தார்கள். அதோடு நிற்கவில்லை. வால்டர் என்ற லுத்தரன் போதகர் அந்த இலக்கணத்துக்குத் துணையாகத் தம் குறிப்புகளையும் எழுதி, மறு ஆண்டே வெளியிட்டார்.

நாம் இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவர்கள் தங்கள் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. முனிவரும் தம் மறுப்புகளைத் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் நல்ல இலக்கணம் நல்ல இலக்கணமே என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் இருந்தது. 'எழுதியவர் யார்' என்பதோடு நிறுத்தாமல், 'எழுதியது சரியா' என்றும் பார்த்தார்கள்.

நம்மைச் சேராத ஒருவர் ஆண்டவர் பெயரால் பேய் ஓட்டுகிறார், நாங்கள் தடுத்தோம் என்று யோவான் பெருமையோடு வந்து சொன்னதை மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆண்டவர் அவரைப் பாராட்டவில்லை. தடுக்க வேண்டாம் என்றார்.

இன்று நம் வீடுகளில் உள்ள திருவிவிலியம் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்துத் தந்தது. முனிவர் காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திராத காரியம்!

ஆனால் நம் அன்றாட வாழ்வில் எப்படி? பங்குப் பேரவையில் நமக்குப் பிடிக்காதவர் நல்ல யோசனை சொன்னால், சொன்னவர் முகத்தைப் பார்த்தே அதைத் தள்ளிவிடுகிறோம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டுப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால், வாய் திறந்து வாழ்த்தத் தயங்குகிறோம். வழக்கு இருக்கட்டும், அது தீர நாளாகலாம். அதுவரை அவரிடமுள்ள நன்மையை நன்மை என்று சொல்ல நமக்கு என்ன தடை? இந்த வாரம் அப்படி ஒருவரிடம் ஒரு நல்ல சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வருவோம். ஆண்டவர் நம் நாவைத் திறப்பாராக. ஆமென்.