ரீஜண்ட் தெருவின் மஞ்சள் கரைசல்

இருண்டுபோன புகைப்படத்தைக் கணினித் திரையில் வைத்து, ஒரு வளைகோட்டைச் சற்றே மேலிழுத்த மாத்திரத்தில் முகங்கள் தெளிவதைக் காணும் இக்காலத்தார், அவ்வித்தை ஃபோட்டோஷாப் வெளிவந்த 1990-ஆம் வருஷத்தோடு பிறந்ததென்றே எண்ணிவிடுகிறார்கள். அதன் பூர்வீகத்தை விசாரிக்கப் புகுந்தாலோ, லண்டன் மாநகரின் ரீஜண்ட் தெருவில் 309-ஆம் இலக்கத்து வாசலில் போய் நிற்க நேரும்.

அங்கிருந்த பாலிடெக்னிக் ஸ்தாபனத்தின் கூரைமேல்தான், 1841 மார்ச் 23 அன்று, ரிச்சர்ட் பியர்ட் என்னும் நிலக்கரி வியாபாரி ஐரோப்பாவின் முதல் பொதுப் புகைப்பட நிலையத்தைத் திறந்தார். நகரத்து வானத்தைப் புகையால் மங்கச் செய்த சரக்கை விற்றவரே வெளிச்சத்தை நம்பும் தொழிலில் இறங்கியது விதியின் விளையாட்டுத்தான். அங்கே வெள்ளித் தகட்டில் விழுந்த படம் இருண்டுவிட்டால், மறுபடி உட்காரவைத்துப் பிடிப்பதன்றிப் பெரிதாகப் பரிகாரம் கிடையாது.

பின்னாளில் தாளில் பதிந்த படங்களுக்குப் பரிகாரம் கண்டவர், அதே இடத்தில் பிற்பாடு குவின்டின் ஹாக் நடத்திய கல்விச்சாலையில் புகைப்படக் கலை போதித்த ஹோவர்ட் ஃபார்மர். 1883-இல் அவர் வெளியிட்ட முறை மிக எளியது. பொட்டாசியம் ஃபெரிசயனைடின் செந்நிறப் படிகங்களைக் கரைத்தால் கிடைக்கும் மஞ்சள் நீரோடு, பழைய ஸ்டூடியோக்காரர் எவரும் அறிந்த, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவைச் சேர்க்க வேண்டியதுதான். படத்தின் கருமை என்பது நுண்ணிய வெள்ளித் துகள்களே ஆதலால், முன்னது அவ்வெள்ளியை உப்பாக மாற்ற, பின்னது அவ்வுப்பைக் கரைத்துக் கொண்டுபோகும். பஞ்சில் தோய்த்து ஈரப்படத்தின் கன்னத்தில் ஒற்றினால், நிழல் கண்ணெதிரே விலகும். ஒரு கணம் தாமதித்தாலோ புருவமும் கூடவே போய்விடும். கலந்த கரைசலும் சிறிது நேரத்தில் வீரியம் இழந்துவிடும். அமெரிக்கப் புகைப்படக்காரரான யூஜின் ஸ்மித் போன்ற மேதைகளும் தங்கள் பிரதிகளை இந்த ஃபெரிசயனைடு கொண்டே வெளுத்தார்கள்.

மென்பொருளில் தவறினால் ஒரு விசையில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கரைந்த வெள்ளி திரும்புவதில்லை. எனினும் ஒளி பதியவே பதியாத இடத்தில் இரண்டும் ஒரேவிதமாகத் தோற்கும்: கணினியில் அங்கே நிறப்புள்ளிகளே மேலெழும், தாளில் வெறும் சாம்பல் நிறமே மிஞ்சும். கரைந்த வெள்ளி திரும்பாதாகையால் கைதேர்ந்தவர்கள் கரைசலை நீர்க்கவே கலந்து, வேண்டிய வெளுப்பு வருவதற்குச் சற்று முன்னமே படத்தை எடுத்து ஓடும் நீரில் பிடிப்பார்கள். தாளில் ஊறிய மிச்சம் கழுவும்போதும் சிறிது நேரம் வேலை செய்துகொண்டேயிருக்கும்.