சராசரி வெப்பமும் உறைபனி வாரமும்: புளோரிடா மலைப்பாம்பின் பரவலைக் கணித்த இரு வரைபடங்கள்

2008ஆம் ஆண்டில் ஒரே பாம்பைக் குறித்து இரண்டு வரைபடங்கள் வெளிவந்தன. தென் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பு அமெரிக்க நிலப்பரப்பில் எதுவரை பரவக்கூடும் என்பதே இரண்டுக்கும் கேள்வி. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்டன் ராடா, கேத்தரின் ஜார்னெவிச், ராபர்ட் ரீட் ஆகியோரின் வரைபடம், நாட்டின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தப் பாம்புக்கு ஒத்துவரும் என்றது. புவி சூடேற ஏற, 2100க்குள் எல்லை இன்னும் வடக்கே ஏறும் என்றது. பைரன், பர்பிரிங்க், கையர் மூவரின் வரைபடத்திலோ தென் புளோரிடாவுக்கும் டெக்சாஸின் தென்கோடிக்கும் மேல் அதிகமாக எதுவும் தேறவில்லை. அவர்கள் கணக்குப்படி காலநிலை மாற்றம் பாம்புக்குரிய இடத்தைக் கூட்டாது, குறைக்கும்.

இரண்டில் எது சரி என்ற சர்ச்சை ஆய்விதழ்களில் மட்டும் நடக்கவில்லை. முதல் வரைபடம் நாளிதழ்களில் பரபரப்பானது. இரண்டாவதை ஊர்வன வணிகர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2012இல் அமெரிக்க அரசு பர்மிய மலைப்பாம்பையும் வேறு மூன்று பெரும்பாம்பு இனங்களையும் கேடு விளைவிக்கும் உயிரினங்களாக அறிவித்து இறக்குமதியைத் தடுத்தபோது, பின்னணியில் இந்தச் சர்ச்சையும் இருந்தது. என் வாதம் இதுதான்: இரு வரைபடங்களும் சராசரிகளை அளந்தன, ஊர்வனவற்றின் வட எல்லையை வகுப்பதோ சராசரி அன்று, எப்போதோ வரும் ஒரு கடுங்குளிர் வாரம். காலநிலை மாற்றத்தின் கீழ் பரவலைக் கணிக்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது, அந்த வாரம் இனி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதே.

வரைபடங்கள் பிறந்த விதத்தைப் பார்ப்போம். ராடா குழுவினர் பாம்பின் தாயகமான ஆசியப் பகுதிகளின் மாதச் சராசரி வெப்பத்தையும் மழையையும் எடுத்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் விழும் அமெரிக்க இடங்களைக் குறித்தார்கள். இரண்டே அளவைகள் என்பதால் வலை அகலமானது. பைரன் குழுவினர் மேக்ஸென்ட் என்ற மென்பொருளில் பத்தொன்பது தட்பவெப்ப மாறிகளைச் செலுத்தினார்கள். மாறிகள் கூடக் கூட, பாம்பு பதிவான சில இடங்களின் தற்செயலான இயல்புகள்கூட அதன் தேவைகளாக மென்பொருளுக்குத் தோன்றும், வலை இறுகும். 2011இல் ராடா குழுவினர் எழுதிய மறுப்பின் சாரம் இதுவே, அதில் நியாயம் உண்டு. ஆனால் தங்கள் வலை ஏன் அவ்வளவு அகலம் என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. மழைச் சராசரியும் வெப்பச் சராசரியும் தாயகத்தோடு ஒத்திருந்தால் பாம்பு அங்கே பிழைக்கும் என்பது ஒரு கருதுகோள். அதை வரைபடத்தின் நிறம் மெய்ப்பித்துவிடாது.

அந்தப் பத்தொன்பது மாறிகளில் ‘மிகக் குளிர்ந்த மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை’ என்று ஒன்று உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அதுவும் பல பத்தாண்டுகளின் தினசரிக் குறைந்தபட்சங்களைக் கூட்டி வகுத்த எண்தான். முப்பது சனவரிகளில் ஒன்று மட்டும் கொலைகார மாதமாக இருந்தால், அந்தக் கணக்கில் அது கரைந்துபோகும். செத்த பாம்பு கரையாது.

2010 சனவரி இதைக் காட்டிக் கொடுத்தது. தென் புளோரிடாவில் பனிக்குளிர் நாள்கணக்கில் நீடித்தது. எவர்கிளேட்ஸில் ரேடியோ கருவி பொருத்தியிருந்த பத்துப் பாம்புகளில் ஒன்பது செத்தன என்று மஸ்ஸோட்டி குழுவினர் பதிவு செய்தார்கள். கருவி இல்லாத 99 பாம்புகளைக் கண்டதில் 59 உயிரோடு இருந்தன. வடக்கே கெயின்ஸ்வில் நகரில் திறந்தவெளி அடைப்புகளில் வைத்திருந்த ஒன்பதில் ஏழு இறந்தன, அல்லது ஆய்வாளர்கள் தலையிடாவிட்டால் இறந்திருக்கும். இன்னும் வடக்கே, தென் கரோலினாவில் டார்காஸ் குழுவினர் 2009 கோடையில் கொண்டுபோய் அடைப்பில் விட்ட பத்துப் பாம்புகளில் ஒன்றுகூட அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. முதல் வரைபடத்தில் இந்தக் கடைசி இடமும் ‘ஏற்றது’ என்ற நிறத்துக்குள்தான் இருந்தது.

அப்படியானால் பைரன் குழுவினர் வென்றார்கள் என்று சொல்லிவிடலாமா? பலர் சொன்னார்கள். நான் தயங்குகிறேன். அந்தப் பாம்புகள் எப்படிச் செத்தன என்பதைக் கவனித்தால் தயக்கத்தின் காரணம் புரியும். குளிர் இறங்கியபோது பல பாம்புகள் வளைக்குள் போகவில்லை. வெளியே வந்து வெயில் காயப் பார்த்தன, வெயில் போதவில்லை. தாய்லாந்து, வியட்நாம் போன்ற வெப்பநாடுகளிலிருந்து செல்லப்பிராணிச் சந்தைக்கு வந்த பாம்புகளின் வழிவந்தவை அவை. உறைபனியைக் கண்டால் மண்ணுக்குள் புகும் பழக்கம் அவற்றிடம் குறைவு.

அதே பேரினத்தின் நம்மூர் உறவான இந்திய மலைப்பாம்பு வேறு மாதிரி. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கியோலாதேவ் தேசியப் பூங்காவில் அதை ஆராய்ந்தவர், பின்னாளில் கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய சு. பூபதி; அவரும் விஜயனும் எழுதிய கட்டுரை 1989இல் வந்தது. அங்கே பாம்புகள் குளிர்காலத்தை முள்ளம்பன்றி வளைகளில் கழிக்கின்றன. பகலில் வெயில் ஏறியதும் வளைவாயில் சுருண்டு காய்கின்றன, பொழுது சாய்ந்தால் உள்ளே போய்விடுகின்றன. 2008இல் இவ்விரண்டும் ஒரே இனத்தின் துணையினங்களாகவே கருதப்பட்டன. ராடா குழுவினர் இரண்டின் பரப்பையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே வகைப்பாட்டியலாளர்கள் பர்மிய மலைப்பாம்பைத் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். பரத்பூர்ப் பாம்பின் குளிர்ப் பழக்கம் எவர்கிளேட்ஸ் பாம்பின் கணக்கில் சேர்ந்ததுதான் முதல் வரைபடம் வடக்கே நீண்டதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. 2018இல் ஹண்டர் குழுவினர் தென் புளோரிடாவில் ஏறத்தாழ 400 பாம்புகளின் மரபணுவை ஆராய்ந்தபோது 13இல் இந்திய மலைப்பாம்பின் தாய்வழிச் சுவடு இருந்தது. ஆக, பிரித்த இனங்கள் அங்கே கலந்துகிடக்கின்றன. அதே ஆண்டு கார்டு குழுவினர் 2010 குளிருக்கு முந்தைய பாம்புகளையும் பிந்தையவற்றையும் ஒப்பிட்டு, எஞ்சிய கூட்டத்தின் மரபணுவில் தேர்வின் தடயம் தெரிகிறது என்றார்கள். கொல்லும் குளிர் வடிகட்டவும் செய்கிறது. மியாமியில் 2020 சனவரியில் ஓர் இரவு 4.4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. உடும்பு போன்ற பச்சை இகுவானாக்கள் மரத்திலிருந்து விறைத்து விழுந்த செய்தி உலகெங்கும் ஓடியது. ஸ்ட்ரவுட் குழுவினர் அதன்பின் அந்நகரின் பல்லியினங்களைச் சோதித்தபோது, முன்பு 11 டிகிரியிலேயே செயலிழந்த இனம் உட்பட எல்லாமே ஏறத்தாழ 5.5 டிகிரி வரை தாங்கின. ஒரே இரவுக்குப் பின் தாங்குதிறன் இப்படி மாறியிருந்தால், தாயகத்தின் பழைய பதிவுகளை மட்டும் நம்பும் கணிப்பு எவ்வளவு தூரம் நிற்கும்?

இதனால்தான் எதிர்காலக் கணிப்பில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்கிறேன். புளோரிடாவின் ஆண்டுச் சராசரி இரண்டு டிகிரி கூடினால் என்ன என்பது பாம்புக்குப் பெரிய செய்தியில்லை. கோடையில் அது ஏற்கெனவே சுகமாகத்தான் இருக்கிறது. 2010 போன்ற குளிர் முப்பது ஆண்டுக்கு ஒருமுறையா, நூறாண்டுக்கு ஒருமுறையா என்பதுதான் அதன் விதி. இடைவெளி நீண்டால், இரு குளிர்களுக்கு நடுவே கூட்டம் பெருகி வடக்கே நகர நேரம் கிடைக்கும். வழியில் ஆமை வளைகளில் பதுங்கவும் கற்றுக்கொள்ளும். தென்மேற்குப் புளோரிடாவில் கோபர் ஆமையின் வளைகளில் மலைப்பாம்புகள் தங்குவது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.

எல்லா ஊர்வனவற்றுக்கும் இதே அளவுகோல் என்று சொல்லவில்லை. அர்ஜென்டினாவின் கறுப்பு வெள்ளை டெகு என்ற பெரும்பல்லி குளிர்காலம் முழுக்க வளையில் உறங்கும் இயல்புடையது. இனப்பெருக்கக் காலத்தில் தன் உடல்வெப்பத்தைச் சூழலுக்கு மேல் உயர்த்தவும் வல்லது. 2018 முதல் ஜார்ஜியா மாநிலத்தில் அது தென்படுகிறது. பாம்புக்கு எல்லையாக அமைந்த குளிர் அதற்குச் சுவரில்லை. சிவப்புக் காதுச் சறுக்கு ஆமைக்கோ குளிர்காலத்தைவிடக் கோடைதான் முக்கியம்: முட்டை பொரிய மண்ணில் போதிய வெப்பம் வேண்டும், குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்த வெப்பமே தீர்மானிக்கிறது. ஃபிசெத்தோலாவும் உடனாய்வாளர்களும் 2009இல் காட்டியபடி, இந்த ஆமை காணப்படும் இடங்களின் தட்பவெப்பமும் அது குஞ்சு பொரிக்கும் இடங்களின் தட்பவெப்பமும் ஒன்றல்ல. யாரோ குளத்தில் விட்ட கிழட்டு ஆமையை ‘இருப்புப் பதிவு’ என்று மென்பொருளுக்குக் கொடுத்தால், ஆமையின் தேவைக்குப் பதில் மனிதர் அதை எங்கே கைவிட்டார்கள் என்ற வரைபடமே கிடைக்கும்.

தமிழகத்தில் இவ்வகைக் கணிப்பு செய்வோர் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் கடலோரத்தில் எந்த வெப்பமண்டல ஊர்வனவற்றுக்கும் குளிர் தடையில்லை. வரைபடம் முழுக்க ஒரே நிறமாகவே வரும். அதனால் எதையும் பிரித்தறிய முடியாது. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து அவ்வப்போது கைப்பற்றப்படும் பந்து மலைப்பாம்புகளும் ஆமைக்குஞ்சுகளும் எங்கே விற்கப்படுகின்றன, எங்கே கைவிடப்படுகின்றன என்ற கணக்குதான் இங்கே கணிப்புக்கு உதவும்.

இன்னொன்று. மலைப்பாம்பு இன்றும் ஜார்ஜியாவில் நிலைபெறவில்லை என்பதைச் சிறிய வரைபடத்தின் வெற்றியாகக் காட்டுகிறார்கள். பரவல் இன்னும் முடியவில்லை என்பதோடு, இந்தப் பாம்பு கண்ணில் படுவதே அபூர்வம். அது இருக்கும் இடத்தில் தேடினாலும் ஒரு பாம்பைக் காணும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 2017 சனவரியில் புளோரிடா அதிகாரிகள் தமிழகத்தின் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தது இந்தத் தவிப்பால்தான். தடமும் எச்சமும் பார்த்துத் தேடிய இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள்ளிருந்து எடுத்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பயிற்சியில்லாத கண் காணாத பாம்பை ‘இல்லை’ என்று எழுதி மென்பொருளுக்குக் கொடுப்பது கணிப்பைத் தொடக்கத்திலேயே கெடுக்கும்.

எவர்கிளேட்ஸ் கொடுத்த விலை சிறிதல்ல. டார்காஸ் குழுவினரின் 2012 ஆய்வின்படி, பாம்பு நீண்டகாலம் இருந்த பகுதிகளில் ராக்கூன்கள் கண்ணில் படுவது 99.3 விழுக்காடும், ஒப்போசம் 98.9 விழுக்காடும், பாப்கேட் எனும் காட்டுப்பூனை 87.5 விழுக்காடும் குறைந்தன. இந்த நிலையில் பெரிய வரைபடம் மிகைப்படுத்தியது என்பதைவிட, சிறிய வரைபடம் தந்த தவறான நிம்மதியே எனக்கு அதிகம் உறுத்துகிறது. பரவல் வரைபடங்களை ஏற்கும் ஆய்விதழ்கள் இனி, அந்த உயிரினத்தைக் கொல்வது எந்தக் குளிர், அது எத்தனை நாள் நீடிக்க வேண்டும், அத்தகைய நாட்கள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்கள் இல்லாத வரைபடத்தைத் திருப்பி அனுப்புவதே முறை.