ஹாதோர்ன் ஆய்வுகள்

பணியிடத்தில் தனி மனிதரும் குழுவும் நடந்துகொள்ளும் விதத்தை ஆராயும் நிறுவன நடத்தையியல் துறைக்கு அடித்தளமிட்டவற்றுள் முதன்மையானவை, சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்ற ஆய்வுகளாகும். வெளிச்சத்தின் அளவை மட்டும் மாற்றி உற்பத்தியில் அதன் விளைவை அளந்த தொடக்கச் சோதனைகள் தெளிவான முடிவு எதையும் தரவில்லை. 1927இல் ஐந்து பெண்கள் தனியறையில் அமர்த்தப்பட்டு, ஓய்வு இடைவேளையும் வேலை நேரமும் மாற்றப்பட்டபோது உற்பத்தி உயர்ந்தது. 1928இல் இவ்வாய்வுகளுடன் இணைந்த எல்டன் மேயோ, குழு உறவே இதற்குக் காரணம் என விளக்கினார்.

இவற்றினும் ஆழமானது, தலையீடின்றிக் கண்டு பதிவுசெய்யும் உற்றுநோக்கல் முறையில் 14 ஆண்களிடம் 1931–32இல் நடத்தப்பட்ட ஆய்வே ஆகும். ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை போதும் என்று அவர்கள் தமக்குள் எழுதப்படாத வரம்பை, அதாவது குழு நெறியை, வகுத்திருந்ததும், கூடுதல் உற்பத்தி கூலியை உயர்த்தும் என்ற நிலையிலும் அவ்வரம்பை மீறியவரை மேற்கையில் குத்திக் கண்டித்ததும் பதிவாயின.

ஆய்வுக்கு உட்படுகிறோம் என்ற உணர்வே நடத்தையை மாற்றுவது பின்னர் ‘ஹாதோர்ன் விளைவு’ எனப் பெயர்பெற்றது. ஆயினும் பெண்கள் குழுவில் இருவர் இடையில் மாற்றப்பட்டதாலும், கூலி முறையும் உடன் மாறியதாலும், உற்பத்தி உயர்வுக்கு உறவை மட்டுமே காரணமாகக் கொள்ள இச்சோதனை இடந்தரவில்லை.