பழைய வண்டிக்கு ஒரு பாட்டுப் பெட்டி

போன மாதம் எங்கள் மாருதி 800-ல் இருந்த கேசட் ஸ்டீரியோ ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. வண்டி 1997 மாடல். 1999-ல் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு இரண்டாம் கையாக வாங்கினேன். 15 வருடம் முடிந்த பிறகு மூன்று முறை ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. எஞ்சின் இன்னும் சொன்ன பேச்சு கேட்கிறது. ஸ்டீரியோதான் முதலில் கேசட்டை இழுத்து மென்றது, பிறகு எண் காட்டும் விளக்கு அணைந்தது, கடைசியில் ஒரு நாள் லேசாகப் புகை வாசனை. மெக்கானிக் கழற்றிப் பார்த்து, "உள்ளே ரப்பர் பெல்ட் கூழாப் போச்சு சார், இனிமே இதுக்குச் சாமான் வராது" என்று கையில் கொடுத்துவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் மகன் போனிலேயே தீர்ப்புச் சொன்னான். "ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் ஒண்ணு போட்டுடுங்கப்பா. ஒன்பது இஞ்ச். ரிவர்ஸ் கேமரா கூட வரும்." நானும் சரி என்றுதான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மட்டும், "அதுல திருகு இருக்குமாங்க?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விதான் என்னை இரண்டு வாரம் பழைய சரித்திரத்தைப் புரட்ட வைத்தது.

அவளுக்குக் குளுக்கோமா. ஏழு வருடமாகச் சொட்டு மருந்து. பக்கவாட்டுப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது, நேர்ப் பார்வையும் மங்கல். டி.வி. பார்ப்பதை விட்டுவிட்டாள். மாதம் ஒரு முறை கண் ஆஸ்பத்திரிக்கும், வெள்ளிக்கிழமை மணக்குள விநாயகர் கோயிலுக்கும் இந்த வண்டியில்தான் போகிறோம். பழைய ஸ்டீரியோவை அவள் கண்ணால் பார்த்து இயக்கியதே இல்லை. வலது கையை நீட்டினால் இடது ஓரத்துத் திருகு கைக்கு வந்துவிடும். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ரேடியோ. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் திரையில் அவள் எதைத் தொடுவாள்?

கார் ரேடியோவின் கதையே கையும் கண்ணும் போட்ட சண்டைதான் என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கார் ரேடியோவை பிரெஞ்சில் 'ஓத்தோராதியோ' என்பார்கள். வீட்டு ரேடியோவுக்கு 'லெ போஸ்த்'. தபால் ஆபீசுக்கோ 'லா போஸ்த்'. ஒன்று ஆண்பால், ஒன்று பெண்பால், அவ்வளவுதான் வித்தியாசம். சின்ன வயதில் இது எனக்கு ஒரு வேடிக்கை. ஏனென்றால் அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருப்பவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்கத் தபால் ஆபீசுக்குத்தான் போக வேண்டும். லெ போஸ்த்துக்காக லா போஸ்த்துக்கு நடை! எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டு ரேடியோவில் திருச்சி, சென்னை, இலங்கை எல்லாம் பேசும். எங்கள் ஊர் வானொலி நிலையம் 1967-ல்தான் வந்தது. அவர் ஸ்டேஷன் பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். விரல் நுனியில் கேட்பது போல இருக்கும்.

காரில் ரேடியோ வைப்பது முதலில் பெரிய அவஸ்தையாக இருந்திருக்கிறது. 1920-களில் ஆசைப்பட்ட சிலர் வீட்டு ரேடியோவையே காரில் ஏற்றிப் பார்த்தார்கள். வால்வு ரேடியோவுக்கு அதிக வோல்ட் மின்சாரம் வேண்டும். கார் பாட்டரியோ 6 வோல்ட். ஆகவே தனியாகக் கனமான பாட்டரிகளைத் தரைப் பலகைக்குக் கீழே வைக்க வேண்டும். ஏரியலைக் கூரைக்குள் ஓட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு எஞ்சினை ஓட்டினால் ஸ்பார்க் பிளக்கின் பொறி ரேடியோவில் கரகரவென்று கேட்கும். பாட்டு கேட்க வண்டியை நிறுத்த வேண்டும்.

இதைத் தீர்த்து வியாபாரமாக்கியவர்களில் முக்கியமானவர் சிகாகோவில் சிறு கம்பெனி நடத்திய பால் கால்வின். 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு கூடியபோது, உள்ளே கடை போட அவருக்கு வசதியில்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி வாசலில் நிறுத்தி, சத்தமாக வைத்துவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கேட்டார்கள், ஆர்டரும் கிடைத்தது. மோட்டார் வண்டியில் ஓடுவது என்பதால் அதற்கு மோட்டரோலா என்று பெயர் வைத்தார். பிறகு அதுவே கம்பெனிக்கும் பெயராயிற்று. அந்த ரேடியோவின் விலை 110 முதல் 130 டாலர் வரை. அப்போது ஒரு புது ஃபோர்டு கார் அறுநூறு டாலருக்குள் கிடைத்தது என்றால், எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் 1932-ல் ஜெர்மனியின் பிளாபுங்க்ட் கம்பெனி முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. அந்தப் பெயருக்கு 'நீலப் புள்ளி' என்று அர்த்தம். சோதித்துத் தேறிய ஹெட்போனில் நீலப் புள்ளி வைப்பார்களாம், ஜனங்கள் அந்தப் புள்ளியைக் கேட்டே வாங்கவும், அதுவே பெயராகிவிட்டது. அந்த ரேடியோ பெரிய பெட்டி, ஓட்டுநருக்குக் கை எட்டாது. அதனால் ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டுப்பாட்டுத் திருகு வைத்தார்கள். தொண்ணூறு வருடத்துக்கு முன்பே அவர்கள் யோசித்தது இதுதான்: கை எங்கே இருக்கும்?

ரேடியோவால் ஓட்டுநரின் கவனம் சிதறும், தடை செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் அப்போதே பேச்சு எழுந்தது. அதற்குக் கம்பெனிகள் சொன்ன பதில் வாயால் மட்டும் அல்ல, அமைப்பிலும் இருந்தது. 1930-களின் கடைசியில் பொத்தான்கள் வந்தன. ஐந்து பொத்தானுக்கு ஐந்து ஸ்டேஷன். ஊசியைப் பார்த்துத் திருப்ப வேண்டாம், மூன்றாவது பொத்தானை அழுத்தினால் போதும். 1953-ல் ஜெர்மனியின் பெக்கர் கம்பெனி 'மெக்ஸிகோ' என்ற ரேடியோவில் தானாகவே ஸ்டேஷன் தேடும் வசதியை வைத்தது. 1955-ல் கிரைஸ்லர் கார்களுக்கு வால்வே இல்லாத, முழுக்க டிரான்ஸிஸ்டரால் ஆன ரேடியோ வந்தது. சூடேறும் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது கேசட். பிலிப்ஸ் அதை 1963-ல் பெர்லின் கண்காட்சியில் காட்டியது. ஐந்தாண்டில் கார் ரேடியோவுக்குள்ளேயே கேசட் புகுந்துவிட்டது. நம் பக்கத்தில் அது பரவியது 1980-களில். எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜீப் டிரைவர், சம்பளத்தில் பாதியைக் கேசட்டுக்குச் செலவழித்தார். இருட்டில் கேசட்டின் ஏ பக்கமா பி பக்கமா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். அவர் கண் சாலையை விட்டு நகராது.

இந்தக் கதையில் என் போன்ற குமாஸ்தாவுக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஒவ்வொரு கார் கம்பெனியும் ஒவ்வொரு அளவில் ரேடியோவுக்கு ஓட்டை வைத்தால் என்ன ஆகும்? ஒரு வண்டியின் ரேடியோ இன்னொரு வண்டிக்கு ஆகாது. ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனம் இதற்கு ஓர் அளவு போட்டது. முகப்பு 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். 1984-ல் அது உலக அளவாகவும் ஏற்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் 'டின்'. கடைக்காரர்கள் 'சிங்கிள் டின், டபுள் டின்' என்பது இதைத்தான். தகர டின் என்றே நான் பல வருடம் நினைத்திருந்தேன். டபுள் டின் என்றால் அதே அகலம், உயரம் மட்டும் இரட்டிப்பு.

இதே நிறுவனம்தான் 1922-ல் காகிதத்துக்கும் அளவு போட்டது. நாம் தினமும் புழங்கும் ஏ4 தாள் அங்கிருந்து வந்ததுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீசில் எல்லாம் ஃபூல்ஸ்கேப். பிறகு ஏ4 வந்தபோது பழைய ஃபைல் அட்டையில் காகிதம் பொருந்தவில்லை என்று ஒரே புலம்பல். நானும் புலம்பியவன்தான். இன்று யோசித்தால், எந்த ஊர்க் காகிதமும் எந்த ஊர் ஃபைலிலும் உட்காருவது எவ்வளவு பெரிய உபகாரம்! அந்த உபகாரத்தால்தான் 1997-ம் வருடத்து வண்டிக்கு இன்று தயாரான ஸ்டீரியோ அறுக்காமல் கொள்ளாமல் உள்ளே போகிறது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு கடைக்கு இருவருமாகப் போனோம். பையன் முதலில் பெரிய திரையைத்தான் எடுத்தான். "இதுக்கு டேஷ்போர்டைக் கொஞ்சம் வெட்டணும் சார், ஃபிரேம் போட்டா தெரியாது." வெட்டுவது என்றதும் நான் வேண்டாம் என்றேன். சிங்கிள் டின்னில் நான்கு பெட்டிகளை மேசையில் வைத்தான். இரண்டில் ஒலியைக் கூட்டக் குறைக்கச் சிறு பொத்தான்கள், இரண்டில் உருளைத் திருகு.

"அவங்க கையில குடு தம்பி" என்றேன். பையனுக்குப் புரியவில்லை. என் மனைவி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பொத்தான் வைத்தவற்றை உடனே ஒதுக்கிவிட்டாள். மூன்றாவதில் திருகு வழுக்கியது. நான்காவதில் திருகைத் திருப்பும்போது ஒவ்வொரு படிக்கும் விரலில் ஒரு சின்னத் தட்டு. ஸ்டேஷன் பொத்தான்கள் ஆறும் ஒரே வரிசையில், நடுவே இடைவெளியோடு. "இது" என்றாள். அதில் கேசட்டும் இல்லை, சி.டி.யும் இல்லை. எஃப்.எம்., பென் டிரைவ், ப்ளூடூத், அவ்வளவே. மாட்டும் கூலியோடு சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. "இவ்ளோ பார்த்துட்டு இதையா சார்?" என்று பையன் வருத்தப்பட்டான்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பெட்டி மேல் '50 வாட் × 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது ஒரு நொடி உச்சத்துக்குச் சொல்லும் கணக்கு. 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சாதாரணப் பெட்டி தொடர்ந்து தருவது ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 20 வாட் அல்லது அதற்கும் கீழ்தான். நம் வண்டிக்கு அதுவே தாராளம்.

இரண்டாவது, வயர். பொதுவாகக் கறுப்பு எர்த். மஞ்சள் நேராக பாட்டரிக்குப் போக வேண்டும், ஸ்டேஷன்களை நினைவில் வைத்திருப்பது அந்த மின்சாரம்தான். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்துக்கு. அவசரத்தில் சிலர் மஞ்சளையும் சிவப்பையும் முறுக்கிச் சாவியோடு சேர்த்துவிடுவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. மறுநாள் காலை வண்டியை எடுத்தால், ஆறு பொத்தானிலும் ஒன்றுமில்லை. மனைவி முதல் பொத்தானை அழுத்தினாள், வெறும் இரைச்சல். "நான்தான் தப்பா அழுத்திட்டேன் போல" என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். கண் போனவர்கள் எந்தக் கோளாறுக்கும் முதலில் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே திரும்பிப் போய், பக்கத்தில் நின்று, மஞ்சளைப் பிரித்துத் தனியாக ஃபியூஸ் வைத்து மாட்டச் சொன்னேன். பையன் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தான்.

அவன் கடைசியாக ஏரியல் வயரைச் சொருகும்போது, உருண்டையாக, நுனியில் ஒரு முள் போல இருந்த அந்தப் பிளக்கைக் காட்டி, "இதுக்கு என்ன பேர் தெரியுமா தம்பி?" என்றேன். "ஏரியல் பின் சார்." அந்தப் பிளக்கின் பெயர் மோட்டரோலா பிளக். 1930-ல் மாநாட்டு வாசலில் கார் நிறுத்தியவர் வைத்த பெயர் இன்னும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொன்னேன். "மோட்டரோலான்னா செல்போன் கம்பெனி இல்ல?" என்று சிரித்தான்.

மகனிடம் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ரிவர்ஸ் கேமரா இல்லையே என்கிறான். பின்னால் பார்த்து ஓட்டத் தெரியாவிட்டால் இந்த வயதில் வண்டி எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது நான் சாவியைப் போட்டேன். அவள் கை தானாக நீண்டது. முதல் பொத்தான், அவளுடைய ஸ்டேஷன். திருகை நாலு தட்டு கூட்டினாள். கடற்கரைச் சாலை வருவதற்குள், "கொஞ்சம் குறைச்சுக்கோ, ஹாரன் கேக்கல" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.